பெரியப்பாவின் துருத்தியும் தொ.ப.வின் புத்தகமும்

இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சித்திரை மாதத்தில், மலைக்கோயிலிலிருந்து வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் மதுரை தல்லாகுளத்து எதிர்சேவைக் கூட்டத்தில் விடுதி நண்பர்கள் மூவரோடு நின்றிருந்தேன். அழகர் இன்னும் வந்து சேரவில்லை. அவருக்கு முன்னால் வரும் துருத்தி நீர் தெளிப்போர் கூட்டம் கூட்டமாக எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இடுப்பில் சல்லடம், தலையில் உருமால், தோளில் ஆட்டுத்தோல் பை, அந்தப் பையின் வாயில் கட்டிய மெல்லிய குழாயிலிருந்து பீய்ச்சியடிக்கும் தண்ணீர். அவர்களில் ஒருவராக என் பெரியப்பாவும் வந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகி, என் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பீய்ச்சினார். "தெரிஞ்சவராடா?" என்று நண்பன் கேட்டான். "இல்லை" என்றேன். அந்த இரைச்சலில் பெரியப்பாவுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் பார்த்திருப்பார்.

அதற்கு அடுத்த ஆண்டு கல்லூரி நூலகத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது 'அழகர் கோயில்' என்ற புத்தகம் கையில் பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட முனைவர் பட்ட ஆய்வேடு அது. ஆசிரியர் பெயர் தொ. பரமசிவன். கோயிலைப் பற்றிய நூல் என்றால் தலபுராணம், பாடிய ஆழ்வார்கள், திருப்பணி செய்த மன்னர்கள், மண்டபங்களின் அளவு என்று போகும் என்றுதான் நினைத்தேன். பொருளடக்கத்தைப் பார்த்தபோது, கோயிலும் கள்ளரும், கோயிலும் இடையரும், கோயிலும் பள்ளர் பறையரும், கோயிலும் வலையரும் என்று இயல்கள் வரிசையாக நின்றன. சற்று தள்ளி, சித்திரைத் திருவிழாவில் வேடமிட்டு வருகிற அடியவர்களைப் பற்றிய பகுதி இருந்தது. துருத்தி நீர் தெளிப்போர், திரியெடுத்து ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், மாடு கொண்டுவருவோர் என ஒவ்வொரு வகையினரையும் தனித்தனியே எடுத்து எழுதியிருந்தார். என் பெரியப்பா ஒரு பல்கலைக்கழக ஆய்வேட்டில் இருந்தார். தெருவில் ஓராண்டுக்கு முன்பு நான் அறியேன் என்று சொன்ன மனிதரை, முன்பின் அறியாத ஒரு பேராசிரியர் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பக்கங்களை நூலகத்தில் நின்றபடியே படித்து முடித்தேன்.

தொ.ப. என்று எல்லோரும் அழைக்கும் தொ. பரமசிவன் 1950இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். தாமிரபரணிக்கு இக்கரையில் பாளையங்கோட்டை, அக்கரையில் திருநெல்வேலி. பாண்டியர் காலத்துக் கோயில்கள், பிற்காலத்துக் கோட்டையின் மிச்சங்கள், கிறித்தவ மிஷன் பள்ளிகள், அச்சுக்கூடங்கள், தசரா இரவில் ஊரின் பல அம்மன்களும் சப்பரத்தில் வந்து கூடும் வழக்கம் எல்லாம் ஒரே ஊரில் நெருங்கிக் கிடக்கின்றன. இந்த ஊருக்கென்றே பின்னாளில் அவர் ஒரு வரலாற்று நூல் எழுதினார். சைவத்தையும் மார்க்சியத்தையும் ஒருசேரக் கற்றிருந்த நெல்லை அறிஞர் சி.சு. மணியைத் தம் ஆசான்களில் ஒருவராக அவர் போற்றினார். இளையான்குடி டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியிலும் மதுரை தியாகராசர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்த பின்பு, 1998 முதல் 2008 வரை திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தார். பணி விவரங்கள் இவ்வளவுதான். பதவிகளின் பட்டியலால் அவர் வாழ்க்கையை அளக்க முடியாது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அழகர் கோயில் ஆய்வை அவர் பேராசிரியர் மு. சண்முகம் பிள்ளையின் வழிகாட்டலில் செய்தார். சண்முகம் பிள்ளை ஏட்டுச் சுவடிகளோடும் பதிப்புகளோடும் வாழ்ந்த மனிதர். அவருடைய மாணவர் சுவடியைப் போலவே திருவிழாவையும் பாடபேதம் பார்த்துப் படித்தார் என்பதில் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது. அழகர் ஏன் மதுரைக்கு வருகிறார் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். கோயில் சொல்லும் காரணம், மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வைகைக்கு வருகிறார் என்பது. மக்கள் சொல்லும் காரணம், தங்கை மீனாட்சியின் திருமணத்துக்குச் சீர் கொண்டுவரும் அண்ணன், ஆற்றில் இறங்கும்போதே கல்யாணம் முடிந்துவிட்டதைக் கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்பது. இந்த இரண்டாவது கதை எந்தப் புராணத்திலும் இல்லை. புராணத்தில் இல்லாதது பொய் என்று தள்ளிவிடுவது படித்தவர்களின் வழக்கம். தொ.ப. அந்த இடத்தில்தான் நின்றார். புராணத்தில் இல்லாத ஒரு கதையை லட்சக்கணக்கான மக்கள் நம்புகிறார்கள் என்றால் அந்தக் கதைக்கு ஏதோ ஒரு வேலை இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார். முன்னர் அழகர் தேனூர்ப் பக்கத்து வைகையில் இறங்கியதும், மீனாட்சி திருமணம் மாசியில் நடந்ததும், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் இரண்டும் சித்திரையில் ஓரிடத்தில் இணைந்ததும் மதுரைப் பக்கத்தில் பரவலாகச் சொல்லப்படும் செய்திகள். சைவக் கோயிலின் விழாவும் வைணவக் கோயிலின் விழாவும் அருகருகே வைக்கப்பட்டபோது, இரண்டையும் ஒரு குடும்பமாக்கிக்கொண்டவர்கள் மக்கள். அண்ணன், தங்கை, சீர், கோபம் என்ற நான்கு சொற்களில் ஒரு பெரிய சமய முரண்பாட்டை அவர்கள் தங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள்.

மலையிலிருந்து இறங்கும் பெருமாள் கள்ளர் வேடத்தில், கொண்டையும் கையில் வளைதடியுமாக வருவதையும் அவர் இதே கண்ணோடு பார்த்தார். ஒரு பெருங்கோயில் தன்னைச் சுற்றியுள்ள காட்டையும் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் ஆண்ட மக்களோடு முதலில் முரண்பட்டும் பிறகு உடன்பட்டும்தான் வாழ முடிந்தது என்பதை அந்த வேடம் சொல்கிறது. வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் என்ற முஸ்லிம் பெண்ணின் வீட்டில் தங்குகிறார் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். ராஜகோபுரத்தின் அடைத்த கதவே பதினெட்டாம்படிக் கருப்பசாமியாக வழிபடப்படுவதைச் சிறு வயதில் அப்பத்தாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். உருவம் கிடையாது, கதவில் அப்பிய சந்தனமும் மாலையும்தான். "சாமி எங்க?" என்று கேட்டதற்கு "கதவுதான்யா சாமி" என்றாள். கோயிலின் சக்தியைக் கவர்ந்துபோக மலையாளத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் வந்தார்கள், பிடிபட்டார்கள், படிகளின் கீழ்ப் புதைக்கப்பட்டார்கள் என்று அவள் சொன்ன கதை எனக்கு அச்சமூட்டும் கதையாக மட்டுமே இருந்தது. அதையும், அதைப் பாடும் வர்ணிப்புப் பாடல்களையும் கல்வெட்டுக்கு அருகில் வைத்து எண்ணத்தக்க சான்றுகள் என்று அந்த ஆய்வேடு நடத்தியதைப் பார்த்தபோது, என் அப்பத்தாவைப் படிக்காதவள் என்று நாங்கள் சொல்லிவந்த சொல்லை நினைத்துப் பார்த்தேன்.

இத்தனையும் எழுதியவர் ஆத்திகர் அல்லர். பெரியாரைத் தம் வாழ்நாள் முழுவதும் தலைவராகக் கொண்டவர், கடவுள் மறுப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். கோயிலை நம்பாதவர் கோயிலுக்கே போகக் கூடாது என்று சிலர் நினைத்தார்கள். இவ்வளவு அன்போடு கோயிலைப் பற்றி எழுதுகிறவர் உள்ளுக்குள் பக்தராகத்தான் இருக்க வேண்டும் என்று வேறு சிலர் நினைத்தார்கள். இரண்டுமே தவறு என்றுதான் நான் கருதுகிறேன். சாமியை நம்பாத ஒருவர் சாமி கும்பிடுகிற மனிதர்களை முழுமையாக நம்ப முடியும் என்பதை அவர் எழுத்து முழுவதும் காண்கிறோம். அதிகாரத்தைத் தாங்கி நிற்கும் சமயத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். பொங்கல் வைத்து, கிடா வெட்டி, பக்கத்து ஊர்க்காரரையும் உட்காரவைத்துச் சோறு போடும் சிறுதெய்வ வழிபாட்டை அவர் அந்தத் தட்டில் வைக்கவில்லை. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் அவரைப் படித்தால் அவர் தமக்குத் தாமே முரண்படுவதாகத் தோன்றும். பகுத்தறிவு பேசும் வீட்டில் வளர்ந்து, ஊர்ச் சாமியாட்டத்தைக் கண்டு கூசியவர்கள் என்னைப் போலப் பலர் இருப்பார்கள். எங்களுக்கு அவர் தந்த விடுதலை சிறியதன்று.

பரந்த வாசகரிடம் அவரைக் கொண்டுசென்றவை 1997இல் வந்த 'அறியப்படாத தமிழக'மும் 2001இல் வந்த 'பண்பாட்டு அசைவுக'ளும். இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும் கட்டுரைகள். உப்பு, எண்ணெய், தேங்காய், உரல், உலக்கை, தாலி, பல்லாங்குழி என்று வீட்டுக்குள் கிடக்கும் பொருள்களே தலைப்புகள். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஏழேழு குழிகள். தொடக்கத்தில் இருவருக்கும் ஒரே அளவு காய்கள். ஆட்டம் தொடங்கியதும் ஒருவர் கை நிறைகிறது, மற்றவரின் குழி வெறுங்குழியாகிறது. அடுத்த ஆட்டத்தில் தோற்றவர் தம் குழிகளை நிரப்பவே முடியாமல், குறைந்த குழிகளோடு ஆடுகிறார். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர், அது குழிக்கு உரியவருக்குச் சேரும். நாங்கள் மழைநாளில் திண்ணையில் உட்கார்ந்து ஆடிய இந்த ஆட்டத்தில், சமமாக இருந்த கூட்டத்துக்குள் தனிச்சொத்து நுழைந்த கதையை அவர் படித்தார். அந்தக் கட்டுரையைப் படித்த நாளில் என் அத்தையிடம் போய், முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு அடுத்த ஆட்டத்தில் கடன் கொடுக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டேன். உண்டாம். கடன் வாங்கி ஆடியவர் மீண்டு வந்ததைத் தான் அதிகம் பார்த்ததில்லை என்றும் அத்தை சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது தாய்த்தெய்வங்களைப் பற்றி அவர் சொன்னது. நம் ஊர்களில் காளியும் பிடாரியும் செல்லியும் ஏன் பெரும்பாலும் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்? பெருங்கோயில் தெய்வங்கள் பெரும்பாலும் கிழக்கைப் பார்க்கின்றன. இவர்கள் மட்டும் ஊரின் வடக்கு எல்லையில், கையில் ஆயுதத்தோடு, வடக்கே பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு மூன்று பக்கம் கடலும் மலையும் காவலாக நிற்க, பகை பெரும்பாலும் வடக்கிலிருந்தே வந்தது, அதனால் ஊரைக் காக்கும் தாய் வடக்கே பார்த்து விழித்திருக்கிறாள் என்று அவர் சொன்னார். இதைப் படித்த பிறகு எந்த ஊருக்குப் போனாலும், பேருந்து நிறுத்தத்தில் இறங்கியதும் அம்மன் கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கிழக்குப் பார்த்த அம்மன்களையும் கண்டிருக்கிறேன். அங்கெல்லாம் இந்தக் கோயில் எப்போது எடுத்துக் கட்டப்பட்டது, யார் கட்டினார்கள், பூசாரி மாறினாரா என்று கேட்கத் தோன்றியது. விதிக்கு மாறாக ஒன்றைக் கண்டால்கூட அதையும் விசாரிக்கத் தூண்டுகிற விதி நல்ல விதிதான்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று பொருளில்லை. உப்பைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில், உப்பு என்ற சொல்லுக்குச் சுவை என்பதே முதற்பொருள் என்றும், இனிப்பு, கசப்பு, துவர்ப்பு என்ற சொற்களெல்லாம் உப்பை அடியாகக் கொண்டு பிறந்தவை என்றும் எழுதினார். படிக்கும்போது மனத்தைக் கொள்ளைகொள்ளும் கருத்து இது. ஆனால் இலக்கணம் படித்தவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். இனி, கச, துவர் என்ற அடிகளோடு 'பு' என்ற தொழிற்பெயர் விகுதி சேர்ந்தால் இந்தச் சொற்கள் வந்துவிடுகின்றன. நடப்பு, படிப்பு, சிரிப்பு ஆகியவையும் அப்படியே வந்தவை, அவற்றில் உப்பு இல்லை. சம்பளம் என்ற சொல்லை நெல்லோடும் உப்போடும் அவர் இணைத்ததற்கும் இதே தடை உண்டு. வழிச்செலவுக்கான உணவைக் குறிக்கும் ஒரு வடசொல்லோடு அதை இணைப்பவர்கள் இருக்கிறார்கள். அவருடைய சிறு கட்டுரைகள் பலவற்றில் சான்று எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இருப்பதில்லை. ஆய்வேட்டில் அத்தனை கவனமாக இருந்தவர், கட்டுரைகளில் பேச்சின் வேகத்துக்கு இடம் கொடுத்துவிட்டார். அழகர் மலையில் முன்பு பௌத்தம் இருந்தது என்ற கருத்தை மயிலை சீனி. வேங்கடசாமிக்குப் பிறகு அவர் வலுவாக எடுத்துப் பேசினார். அதற்கும் உறுதியான தொல்லியல் சான்று வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆயினும் அதே உப்புக் கட்டுரையில், சாவுச் சடங்கில் உப்பில்லாத சோறு படைப்பதை அவர் கவனித்த இடத்தை யாரும் மறுக்க முடியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. உப்பு உறவைப் பிணைக்கிறது. இறந்தவரோடு உறவு இனித் தொடர வேண்டாம் என்பதற்காக அவருக்குரிய சோற்றில் உப்பு விலக்கப்படுகிறது என்று அவர் படித்தார். என் அப்பத்தா இறந்தபோது அந்தச் சோற்றை உருட்டிக்கொண்டிருந்த என் சின்னம்மா, "உப்புப் போடக் கூடாதாம், ஏன்னு தெரியல" என்று அழுதுகொண்டே சொன்னார். எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

வடமொழி வேதமோ மேலைநாட்டுக் கோட்பாடோ இல்லாமல் தமிழ் வாழ்க்கையை விளக்க முடியாது என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் ஊறியிருந்த காலத்தில், அவர் மாணவர்களை வெளியே போய்ப் பார்க்கச் சொன்னார். அவரிடம் படித்தவர்களும் அவரைத் தேடிப் பாளையங்கோட்டைக்குப் போனவர்களும் எழுதியிருப்பதைப் படித்தால், வகுப்பறையைவிடத் தேநீர்க் கடையும் வீட்டு முற்றமும் நடையும்தான் அவருடைய பள்ளிக்கூடமாக இருந்தன என்று தெரிகிறது. எழுதியது குறைவு, பேசியது மிகுதி. 'செவ்வி', 'மானுட வாசிப்பு' போன்ற நூல்கள் நேர்காணல்களாகவும் உரையாடல்களாகவும் வந்தவை. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அவர் இன்னும் இரண்டு மூன்று ஆய்வேடுகளை அழகர் கோயிலின் அளவுக்கு உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் வாய்மொழியை வாழ்நாளெல்லாம் சான்றாகக் கொண்ட ஒருவர், தம் அறிவையும் வாய்மொழியாகவே விட்டுச் சென்றார் என்பதை என்னால் குற்றமாகப் பார்க்க முடியவில்லை.

கடைசி ஆண்டுகளில் நீரிழிவு நோய் அவரை வருத்தியது. ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஊர் ஊராக நடந்தே கற்ற ஒருவருக்கு அப்படி நேர்ந்ததை இன்றும் நினைக்கக் கடினமாக இருக்கிறது. 2020 டிசம்பர் 24 அன்று பாளையங்கோட்டையில் காலமானார். அவருக்கு வயது 70. பெரியார் 1973இல் மறைந்ததும் டிசம்பர் 24தான். பின்னர் தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது.

அவர் மறைந்த செய்தி வந்த வாரத்தில் ஊருக்குப் போயிருந்தேன். தொற்றுக் காலம். அந்த ஆண்டு சித்திரையில் அழகர் மலையைவிட்டு இறங்கவே இல்லை. பெரியப்பா எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். துருத்தி எடுப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இளைஞர்கள் விசைக்குழாயும் பம்பும் கொண்டுவந்து, கலங்கலான தண்ணீரைக் கூட்டத்தின் மேல் அடிக்கிறார்கள் என்று அவருக்கு வருத்தம். தோல்பைதான் முறை, விரதமிருந்து எடுக்கிற நீர்தான் முறை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து, தல்லாகுளத்தில் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்த ஆய்வேட்டில் இருந்த கேள்வியையே கேட்டேன். "பெரியப்பா, சாமி மேல எதுக்குத் தண்ணி அடிக்கிறோம்?"

இத்தனை ஆண்டுகளில் வீட்டில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்திரை வெயில்ல மலையில இருந்து அம்புட்டுத் தூரம் வராருல்லய்யா. வேர்க்கும்ல" என்றார்.

பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு, பரணிலிருந்து அந்தத் தோல்பையை எடுத்துத் தரச் சொன்னார். காய்ந்து விறைத்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, எந்த ஆட்டின் தோல், யார் தைத்துக் கொடுத்தது, முதல் நேர்ச்சை யாருக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்துத் தேதியிட்டு எழுதிக்கொண்டேன்.